சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒரே கூலி

குந்தா பெட்ணேகரைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்ததாக நினைவு வைத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. பாட்டுப் போட்டியில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் பாடி முடித்ததும் கூட்டத்தில் ஒரு பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாளே, அவள்தான் குந்தா. நகைச்சுவை நிகழ்ச்சியில் பக்கத்தில் இருப்பவரின் தோளில் அடித்து அடித்துச் சிரிப்பவளும் அவளே. ஞாயிற்றுக்கிழமை விவாதத்தில் கட்சிப் பேச்சாளர் புள்ளிவிவரம் சொல்லும்போது நம்பாமல் உதட்டைச் சுழிப்பதும் அவள்தான். அந்தேரியில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நாற்பத்தாறு வயதில் வேலையை இழந்தாள். அதன் பிறகு எட்டு வருடமாகப் படப்பிடிப்பு அரங்குகளில் பார்வையாளராக உட்கார்ந்து பிழைத்தாள்.

லால்பாகில் எங்கள் தளவி சால் என்ற பழைய வரிசைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அவள் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. மாடிக்குப் பத்து அறைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே பொது நடை, பின்பக்கம் மாடிக்கு நான்கு பொதுக் கழிப்பறைகள். அவள் புருஷன் செத்து நெடுநாள் ஆயிற்று. மகன் பூனாவில் மனைவியோடு இருந்தான், பண்டிகைக்குப் பேசுவான். சாலில் எல்லோருக்கும் அவள் வஹினி, அதாவது அண்ணி. நான் தெற்கத்திக்காரன் என்பதால் எல்லோருக்கும் அண்ணா.

நஸ்ரின் என்ற பெண்தான் ஆள் சேர்ப்பவள். முந்தின நாள் மாலை அவளிடமிருந்து போனில் செய்தி வரும். நாளை காலை ஏழு, கோரேகாவ் ஸ்டேஷன் கிழக்கு வாசல், பளிச்சென்ற நிறம், கறுப்பு வேண்டாம், வெள்ளை வேண்டாம், மாற்றுப் புடவை ஒன்று. குந்தா லோயர் பரேலில் ரயில் ஏறி நின்றுகொண்டே போவாள். அழைப்பு வந்து போகாவிட்டால் அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறொருத்தி இருப்பாள். அதனால் காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

அந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு வழக்கம் உண்டு. பாடகரோ நடுவரோ வருவதற்கு முன்னால், காலி மேடையைப் பார்த்தபடி இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் ஆரம்பிப்பான். "கை தட்டுங்க. எழுந்து நின்னு தட்டுங்க. இப்ப சிரிப்பு. பல்லு தெரியட்டும். இப்ப ஆச்சரியம். இப்ப சோகம். கண்ணீர் வர்றவங்க கை தூக்குங்க." குந்தா கை தூக்குவாள். கேமரா அவளிடம் வரும். ஒரு மணி நேரம் இப்படி எடுத்துச் சேமித்துக்கொள்வார்கள். பிறகு நிகழ்ச்சியில் எங்கே எது வேண்டுமோ அங்கே வெட்டி ஒட்டிவிடுவார்கள். மேடையில் நடப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கவோ அழவோ காத்திருக்க முடியாது. அதற்கு நேரமில்லை.

இதை அவள் சாலில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் வேறு.

"அந்தப் பொண்ணு பாடினப்ப என்னால தாங்கவே முடியல. அப்பா ஆட்டோ ஓட்டறாராம். நெஞ்ச யாரோ பிசையற மாதிரி இருந்துச்சு" என்பாள், நடையில் துணி காயப்போட்டுக்கொண்டே.

"நாங்களும் பார்த்தோமே! நீ அழுததப் பார்த்து எனக்கும் அழுக வந்துடுச்சு" என்பாள் மாடியின் கடைசி அறையிலிருக்கும் ஷாலன் டிகே.

திரையில் குந்தாவின் முகம் வந்த மாத்திரத்தில் நடையில் கூச்சல் எழும். "வஹினி வந்தாச்சு!" குழந்தைகள் எண்ணிக்கை வைத்துக்கொள்வார்கள். அவளும் மறுப்பு ஏதும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். பொய் என்றால் பொய்தான். ஆனால் காலி மேடையைப் பார்த்து அழுதேன் என்று எந்தப் பெண் தன் நடையில் நின்று சொல்வாள்? குந்தாவை நல்லவள் என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். அவளுக்குப் பெருமை பிடிக்கும். ஒரு செய்தியை உள்ளபடி சொல்வதைவிடக் கேட்பவர் விரும்புகிறபடி சொல்வது அவளுக்குச் சுலபமாக வந்தது. நம்மில் பலருக்கும் அப்படித்தான் என்பதால் அது சிறிய குற்றம் ஆகிவிடாது.

ஷாலனுக்கும் அவளுக்கும் இருபத்தாறு வருடப் பழக்கம். ஷாலன் கல்யாணமாகி வந்த அன்று அவளுக்கு முதல் தேநீர் போட்டுக் கொடுத்தவள் குந்தா. ஒருத்தி அறையில் எண்ணெய் காய்ந்தால் இன்னொருத்தி தட்டோடு வருவாள். ஷாலனுக்குக் குழந்தை இல்லை. கணவன் விலாஸ் பைகுலாவில் ஒரு காகிதக் கடையில் தாள் வெட்டும் வேலை பார்த்தான். எதற்கும் தாமதமாக வருகிறவன். அவன் தாமதம் சாலுக்கே வேடிக்கை.

ஜூலை இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை ஏழரைக்கு, பின்பக்கத்து இரண்டாம் மாடிக் கழிப்பறைத் தளம் அப்படியே கீழே இறங்கியது. உள்ளே இருந்தது விலாஸ் ஒருவன் மட்டும். தேநீர் ஊற்றி வைத்திருந்த ஷாலன், ஆறிவிடக்கூடாதென்று கோப்பையைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டதாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் இருந்தேன். டாக்டர் வந்து சொன்னபோது ஷாலன் அழவில்லை. "இன்னும் டீ குடிக்கலியே" என்றாள். அழுதது குந்தாதான். ஷாலனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கீழுதட்டைப் பல்லால் கடித்து, வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, சத்தமே இல்லாமல் அழுதாள். தாரையாக வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஷாலன் உடைந்தாள். எனக்காக இன்னொருத்தி அழுகிறாள் என்ற ஒன்று அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது போலிருக்கிறது.

துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது இங்கேயும் வழக்கம். அக்கம்பக்கத்தார் பிட்லே என்ற கடலைமாவுக் குழம்பும் பாக்ரி ரொட்டியும் செய்துகொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று நாளில் ஓய்ந்தார்கள். குந்தா பதின்மூன்று நாளும் தூக்குப் பாத்திரத்தோடு அந்த நடையின் கடைசிவரை போய்வந்தாள். அந்த நாட்களில் நஸ்ரினின் இரண்டு அழைப்புகளைக்கூட விட்டாள்.

இடிந்த கழிப்பறைக்கு யார் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. கட்டட உரிமையாளர் அரசாங்க ரிப்பேர் துறையைக் காட்டினார், ரிப்பேர் துறை கோப்பைக் காட்டியது. முதல் மாடி தத்தா ராணே எங்கள் கணபதி மண்டலியின் செயலாளர். எதையும் கேலியாகச் சொல்கிற ஆள், ஆனால் ஓடியாடி வேலை செய்வான். மனு எழுதி எழுதி அலுத்து, ஒரு நாள் நடையில் நின்று சொன்னான்.

"பேப்பர்ல நாலு வரி. டிவில ஒரு வரியும் இல்ல. நாம செத்தாக்கூட சாயங்காலச் செய்திக்கு லாயக்கில்ல போல."

குந்தாவுக்கு அது உறைத்தது. நஸ்ரினிடம் பேசினாள். நஸ்ரின் யாரிடமோ பேசினாள். ஞாயிறு விவாத நிகழ்ச்சி ஒன்றில் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசப்போகிறார்கள், இறந்தவரின் மனைவி வந்தால் இரண்டு நிமிடம் தருவோம் என்று பதில் வந்தது.

ஷாலன் முதலில் மறுத்தாள். "எனக்கு அங்க என்ன பேசத் தெரியும்?"

"தெரிய வேண்டாம்டி. நடந்ததச் சொல்லு. நாடே பார்க்கும். நாளைக்கே ஆள் வருவான் பாரு."

"நீ வருவியா?"

"வராம?"

ஆனால் குந்தா போகவில்லை. படப்பிடிப்புக்கு முந்தின மாலை நஸ்ரினிடமிருந்து வேறு அழைப்பு வந்தது. மலாடில் நடனப் போட்டி, நாள் முழுக்க. ஜூலையில் இரண்டை விட்டவள், மூன்றாவதை விடப் பயந்தாள். ஷாலனோடு ராணே போனான். "அவ வரமாட்டா, ஆடறதுக்குக் கை தட்டப் போயிட்டா" என்று அவன் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நிகழ்ச்சி ஆகஸ்டின் கடைசி ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஒளிபரப்பானது. சாலிலேயே பெரிய டிவி ராணேயுடையது. அந்த அறையில் இருபது பேர் இருந்தோம், வாசலுக்கு வெளியே இன்னும் பத்துப் பேர். ஷாலனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் காலடியில் குந்தா, ஒரு கையை ஷாலனின் முழங்காலில் வைத்துக்கொண்டு. ராணேயின் மனைவி சுமன் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள்.

திரையில் கட்டடக்காரர் ஒருவர் பேசினார். கட்சிப் பேச்சாளர் ஒருவர் பேசினார். இரண்டு பேரும் சேர்ந்து பேசினார்கள். பிறகு நெறியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஷாலன் பக்கம் திரும்பினார். உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்றார்.

திரையிலிருந்த ஷாலன் கைக்குட்டையை முறுக்கினாள். "இருபத்தாறு வருஷமா அவர் எங்க போனாலும் லேட்டு. அன்னிக்கு மட்டும் அவசரப்பட்டுட்டாரு" என்றாள்.

அடுத்த நொடி திரை முழுக்க குந்தாவின் முகம். மஞ்சள் புடவை, பின்னால் சாய்ந்த தலை, எல்லாப் பற்களும் தெரிகிற சிரிப்பு. மூன்று நொடி இருக்கும்.

திரையில் ஷாலனின் முகம் திரும்ப வந்தது. "அவருக்கு ஊத்தின டீ அப்படியே இருந்துச்சு. அந்தக் கப்ப இன்னும் கழுவல" என்றாள். மறுபடியும் குந்தா. அதே மஞ்சள் புடவை. கீழுதட்டைப் பற்கள் கடித்திருந்தன. வலது உள்ளங்கை நெஞ்சில் இருந்தது. கன்னத்தில் கண்ணீர்.

"குந்தா வஹினி ரெண்டு தடவ வந்துட்டா!" என்று வாசலில் ராணேயின் தம்பி மகள் கத்தினாள். வழக்கமாகக் கத்துவதுதான். யாரோ அவளை அதட்டினார்கள்.

ராணே டிவியின் சத்தத்தை நிறுத்தினான். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"நான் அங்க இல்ல" என்றாள் குந்தா. "அன்னிக்கு நான் மலாட்ல இருந்தேன். உங்களுக்கே தெரியும்."

"அப்ப அது யாரு, உன் தங்கச்சியா?" என்றான் ராணே.

"அது பிப்ரவரில எடுத்தது. இதே நிகழ்ச்சிதான், வெங்காய விலயப் பத்திப் பேசினாங்க. மொதல்ல எங்க மூஞ்சிய எல்லாம் தனியா எடுத்து வெச்சுக்குவாங்க. அப்புறம் எங்க வேணுமோ ஒட்டிக்குவாங்க."

"வெங்காய வெலைக்கா அப்படிச் சிரிச்சே?"

"எதுக்கும் சிரிக்கல தத்தா. சிரிங்கன்னாங்க, சிரிச்சேன்."

"அழுக?"

"அழுங்கன்னாங்க."

சுமன் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த ஆட்டோக்காரர் பொண்ணு பாடினப்ப நெஞ்சப் பிசைஞ்சுதுன்னியே, அது?"

"அந்தப் பொண்ணு மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

வாசலில் ஒருவர் சிரித்தார். அது வேடிக்கையால் வந்த சிரிப்பில்லை. எட்டு வருடம் தாங்கள் எதைப் பார்த்து அழுதோம் என்று நினைத்துக்கொண்டவரின் சிரிப்பு.

"சரி, சிரிப்புக்கு எவ்வளவு, அழுகைக்கு எவ்வளவு?" என்றான் ராணே.

"ரெண்டுக்கும் ஒரே கூலிதான்."

குந்தா அதை உண்மையான கேள்வி என்று நினைத்துக்கொண்டு உண்மையான பதிலைச் சொன்னாள். கேலி என்று பிறகுதான் புரிந்திருக்க வேண்டும், முகம் சிறுத்துவிட்டது. எட்டு வருடத்தில் அந்த வேலையைப் பற்றி அவள் முழு உண்மை சொன்ன முதல் நாள் அது. அந்த உண்மையால் அவளுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஷாலன் மெதுவாகக் கேட்டாள்.

"நான் சொன்னத ஜோக்குன்னு நெனச்சுட்டானா அந்த ஆளு?"

"யாரோ வெட்டி ஒட்டற பையன்டி. கேட்டே இருக்க மாட்டான்" என்றாள் குந்தா.

"சிரிச்சது போகட்டும் வஹினி. நீ அங்க இல்லன்னு எனக்குத் தெரியும். நான் உன்னத் தேடினேன், நீ இல்ல."

குந்தா நிம்மதியாக மூச்சு விட்டாள். கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிட்டாள்.

"ஆனா அந்த ரெண்டாவது மூஞ்சி" என்றாள் ஷாலன். "ஆஸ்பத்திரில நீ அழுதியே, அதே மூஞ்சிதானே அது? உதடு, கையி, எல்லாம் அதேதானே?"

குந்தா திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு யாரு உன்ன அழச் சொன்னா?"

குரலில் கோபமில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. குந்தாவின் கண் நிறைந்தது. கீழுதடு பற்களுக்குள் போயிற்று. வலது கை மடியிலிருந்து எழும்பி நெஞ்சை நோக்கி வந்தது. பாதி வழியில் அவளே அதைக் கவனித்தாள். கை அந்தரத்தில் நின்று, மறுபடி மடியில் விழுந்தது. அறையிலிருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். ஷாலனும் பார்த்தாள். தன் முழங்காலை இலேசாக நகர்த்திக்கொண்டாள்.

மறுநாள் காலை குந்தாவின் வாசலில் அவளுடைய தூக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் சாலில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். குந்தா அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் அவள் கோரேகாவ் போய் நஸ்ரினைப் பிடித்தாள். அந்தக் காட்சித் துண்டை நீக்கச் சொல்ல வேண்டும், இணையத்தில் இருக்கிறதையாவது நீக்க வேண்டும் என்று கேட்டாள். நஸ்ரின் பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டே பேசினாளாம்.

"அக்கா, நாளைக்கு இதை யாரு ஞாபகம் வெச்சிருப்பா? உங்க மூஞ்சி நல்லா வேலை செய்யுது, ஒரே நிகழ்ச்சில ரெண்டு தடவ எடுத்திருக்காங்க. சந்தோஷப்படுங்க. பச்சைப் புடவை கொண்டுவந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

இதை அவளே என்னிடம் சொன்னாள், ஒரு காலையில் நடைக் கம்பியில் சாய்ந்துகொண்டு. கீழே கணபதிப் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. ராணே மேலே பார்த்து, "வஹினி, ஆக்‌ஷன்!" என்று கத்தினான். அந்த வாரம் முழுக்க அவளைப் பார்த்தால் அப்படித்தான் கத்தினான். அவனுக்கு அது வேடிக்கை. குழந்தைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணா, அழறதுக்குன்னு ஒரு மனுஷிக்கு எத்தன மூஞ்சி இருக்கும்?" என்றாள். "எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

"ஷாலன்கிட்ட அதையே சொல்லு."

"மொத மொதல்ல கண்ணீர் கேட்டப்ப எங்க வீட்டுக்காரர் செத்த நாள நெனச்சுக்கிட்டேன். வந்துச்சு. ஒரு வருஷம் அப்படித்தான். அவர நெனப்பேன், வரும். அப்புறம் நெனைக்காமலே வர ஆரம்பிச்சுடுச்சு. 'சோகம்'னு சொன்னாப் போதும், ஒதடு தானாப் போயி பல்லுக்குள்ள மாட்டிக்கும்."

நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். "ஆஸ்பத்திரில?"

அவள் மூங்கில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எனக்கே தெரியல, அண்ணா. விலாஸ் செத்தது எனக்குப் பெரிய துக்கம், அது சத்தியம். ஆனா டாக்டர் சொன்ன ஒடனே கண்ணுல தண்ணி வந்துச்சே, அது அந்தத் துக்கத்துலேருந்து வந்துச்சா, இல்ல பழக்கத்துலேருந்து வந்துச்சா? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு கையில சிக்க மாட்டேங்குது."

"இதையே அவகிட்டச் சொல்லு."

"சொன்னா? தெரியலன்னு சொன்னதாத்தானே ஆகும்? 'உனக்காக அழுதேனா, தெரியாது.' இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல?"

உணர்ச்சி உள்ளே இருக்கிறது, முகம் அதைக் காட்டுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக் காலம் தள்ளுகிறோம். முகம் முதலில் போய், உணர்ச்சி பின்னால் தேடிக்கொண்டு வருகிற ஒரு பெண்ணுக்கு என்ன சொல்வது என்று நான் படித்த எதிலும் இல்லை. அவள் பதின்மூன்று நாள் சுமந்த தூக்குப் பாத்திரம் எந்தக் கேமராவுக்காகவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஷாலன் கேட்டது சோற்றைப் பற்றி இல்லை.

அவளுக்காக நான் ஒரு முறை பேசிப் பார்த்தேன். ஷாலன் கதவைத் திறந்துவைத்தே கேட்டாள்.

"அவ கெட்டவன்னு நான் சொல்லலியே அண்ணா. அன்னிக்கு எனக்கு அழுகையே வரல. அவ அழுததப் பார்த்துத்தான் எனக்கு வந்துச்சு. இப்ப யோசிச்சா, நான் எதப் பார்த்து அழுதேன்? அவர் சாவுக்கு நான் அழுத மொத அழுகையே டிவியப் பார்த்து அழற மாதிரி ஆயிடுச்சே."

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

நிகழ்ச்சியால் ஒரு காரியம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பின்பக்கச் சுவரை ஒட்டிய ஆறு அறைகள் ஆபத்தானவை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த ஆறு குடும்பங்களுக்கும் விக்ரோலியில் தற்காலிகக் குடியிருப்பு. தற்காலிகம் என்ற சொல்லின் நீளம் இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே போய் இருபது வருடமாகத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஷாலனின் அறை அந்த ஆறில் ஒன்று. எனக்கும் குந்தாவுக்கும் இடம் மாற்றமில்லை.

ஷாலன் போவதற்குள் எப்படியாவது சரியாகிவிட வேண்டும் என்று குந்தா தவித்தாள். அதை யாரும் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது. ஷாலன் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்துக் குடத்தோடு வருவாள். ஷாலன் நகர்ந்து இடம் விடுவாள். "முன்னால நீ புடி வஹினி" என்பாள். முன்பெல்லாம் குடத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், திட்டிக்கொள்வார்கள். இப்போது மரியாதை வந்துவிட்டது. தசராவன்று சாமந்தித் தோரணம் கட்ட குந்தா போனாள். ஷாலன் உள்ளே விட்டாள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், நன்றாயிருக்கிறது என்றாள். ஒரு வார்த்தை குறையவில்லை, ஒரு வார்த்தை கூடவுமில்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை காலை டெம்போ வந்தது. இருபத்தாறு வருட வாழ்க்கைக்கு ஒரு டெம்போகூட நிறையவில்லை. பீரோவை ராணேயும் இன்னும் மூன்று பேரும் இறக்கினார்கள். அன்று அவன் கேலி பேசவில்லை. பாத்திர மூட்டையைக் குந்தா சுமந்தாள். படி இறங்கி, வண்டியில் வைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சை மறுபடி போட்டாள்.

நடையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சுமன் மூக்கைச் சிந்தினாள். குந்தா அழவில்லை. வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தாள். வாயை இறுக்கி மூடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போல இருந்தது அந்த நிற்பு. அவள் முகத்தில் எதுவுமே இல்லை. அப்படி ஒன்றுமில்லாமல் வைத்திருக்க அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒருவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஷாலன் எதிரே நின்றாள்.

ஷாலன் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக அவளிடம் வந்தாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான்.

"பார்த்துப் போ" என்றாள் குந்தா. "அங்க தண்ணி சாயங்காலந்தான் வருமாம். டிரம்ம மொதல்லயே எடுத்து வெளிய வை."

"சரி."

"மாத்திரய வேளா வேளைக்குப் போடு."

"சரி."

ஷாலன் முன் இருக்கையில் ஏறினாள். கதவைச் சாத்தியவள், ஜன்னல் வழியாகக் குந்தாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை.

"ஒரு சொட்டுகூட வரலியா, வஹினி?"

குந்தாவின் கைகள் பின்னாலிருந்து வரவில்லை. "அழுதா நம்புவியா?"

ஷாலன் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடிக்கும்வரை பேசவில்லை.

"தெரியல" என்றாள்.

வண்டி நகர்ந்தது. மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்வரை குந்தா நின்றாள். பிறகு படியேறினாள். அவள் அறைக்குப் போகவில்லை. நடையின் கடைசிவரை போய், பூட்டிய கதவுக்கு முன்னால் சிதறிக் கிடந்த பழைய செய்தித்தாள்களையும் சணல் துண்டுகளையும் பெருக்கி ஒதுக்கினாள். அங்கே அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. யாராவது பார்த்தால் அதுவும் கணக்கில் சேராமல் போய்விடும் என்று தோன்றியது.

தீபாவளிக்கு ஷாலன் எனக்குப் போன் செய்தாள். மின்சார பில் பழைய முகவரிக்கு வந்தால் எடுத்து வைக்கச் சொன்னாள். விக்ரோலியில் கொசு அதிகம், பக்கத்து அறைக்காரர்கள் பேசுவதில்லை, கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"குந்தா எப்படி இருக்கா?"

"இருக்கா."

"வேலைக்குப் போறாளா?"

"போறா."

"டிவில அவளப் பார்க்கறதில்ல நான். அவ மூஞ்சி வந்தா அணைச்சுடறேன்" என்றாள். போனை வைப்பதற்கு முன் சேர்த்துக்கொண்டாள். "நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, அண்ணா."

சரி என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் குந்தா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை.